பன்னிரண்டாவது நிமிடம்

"அங்கேயே நில்லுங்க! இன்னொரு அடி எடுத்து வெச்சீங்கன்னா நடக்கிறதே வேற!"

தூக்கிய ஒரு கால் கடைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே... அப்படியே சிலையாக நின்றுவிட்டான் அவன். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. சட்டைக் கை இரண்டும் குழாயைத் திறந்துவிட்டதுபோல ஒழுகின. வெளியே அடித்துக்கொண்டிருந்த மழையில் பாதியை அவனே உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டானோ என்று தோன்றியது அவளுக்கு.

வாசலை ஒட்டித்தான் அவளுடைய மேஜை. அதன்மேல் மூன்று லேப்டாப்புகள் முதுகைக் கழற்றிப் போட்டுக் கிடந்தன. கழற்றிய திருகாணிகள் சோடா மூடிகளில் வகை வகையாக இருந்தன. தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிஷினை நாடி பிடித்துப் பார்ப்பதுபோல் தொட்டுப் பார்ப்பதால் 'டாக்டரம்மா' என்று யாரோ ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ரசீது எழுதுவது அவளுடைய அண்ணி. வம்பு அளப்பதும் அண்ணியேதான்.

"இங்க மூணு பேருக்கு ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு. உங்க மேலேருந்து ஒரு சொட்டு தெறிச்சாக்கூட மூணும் காலி. குடை, ரெயின்கோட்டு எதுவும் கிடையாதா உங்ககிட்ட?"

"இருக்குங்க..." என்றான் அவன் தயங்கி. "அதை இவருக்குப் போட்டுவிட்டேன்."

மார்போடு அணைத்திருந்த பொட்டலத்தை மெல்லப் பிரித்தான். ரெயின்கோட்டுக்குள் பத்திரமாக, ஒரு துளி ஈரம்கூடப் படாமல், ஒரு பழைய லேப்டாப்.

அவள் வாயில் தயாராக இருந்த அடுத்த திட்டு எங்கோ போய்விட்டது. தான் நனைந்தாலும் மிஷினை நனைய விடாத ஆளை இந்த நான்கு வருஷத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அப்போதுதான் அவன் கண்களையும் பார்த்தாள். இமைகளில் மழைத்துளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவன் இமைக்கும்போதெல்லாம் அவை மன்னிப்புக் கேட்பதுபோல் உதிர்ந்தன... சே, இதென்ன, மிஷினைப் பார்க்காமல் மனுஷனைப் பார்த்துக்கொண்டு!

"இந்தாங்க தம்பி, துடைச்சுக்குங்க" என்று அண்ணி துண்டை நீட்டினாள். "பாவம், ஒத்தைக் கால்லயே நிக்கிறாரு. காலைக் கீழ வைக்கச் சொல்லு டாக்டரம்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு லேப்டாப்பை வாங்கினாள். "என்ன தொந்தரவு?"

"நல்லாத்தான் ஓடும். திடீர்னு சூடாகும். மூச்சு வாங்குற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்புறம் பட்டுனு அணைஞ்சிடும்."

"எவ்வளவு நேரத்துல?"

"பதினொரு நிமிஷம்."

"சுமாரா சொல்றீங்களா?"

"இல்லைங்க. ஏழு தடவை வாட்ச் வெச்சுப் பார்த்தேன். பதினொண்ணுதான்."

எல்லாரும் 'கொஞ்ச நேரத்துல' என்பார்கள். இவன் அளந்துகொண்டு வந்திருக்கிறான்! கேட்டால், குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலையாம். நாளெல்லாம் தண்ணீரை அளக்கிற வேலை.

"அதான் மழையை முழுசா டெஸ்ட் பண்ணிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாடிக்கையாளரிடம் இப்படியெல்லாம் பேசுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது.

அவனுக்குச் சிரிப்பு கன்னத்திலிருந்து கிளம்பிக் கண்ணுக்குப் போனது.

அடி மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த குட்டி ஃபேனைச் சுற்றிப் பஞ்சுபோல் தூசி. சிப்பின்மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. காற்று போக வழியில்லை, சூடு இறங்க வழியில்லை, பாவம் அதுதான் என்ன செய்யும்? ஊதி, துடைத்து, புதுப் பசை வைத்து, மூடினாள்.

"இப்ப பதினொரு நிமிஷம் உட்காரணும். அணையுதான்னு பார்க்கணும்" என்றாள்.

உட்கார்ந்தார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், நடுவே லேப்டாப். திரையில் சூட்டைக் காட்டும் எண் ஓடிக்கொண்டிருந்தது. முதல் மூன்று நிமிஷம் இருவரும் அந்த எண்ணையே பார்த்தார்கள். நான்காவது நிமிஷம் அவன், அண்ணி எழுதிக் கொடுத்த ரசீதை எடுத்து, சும்மா வாய்விட்டுப் படித்தான்.

என்ன குரல் அது! 'பழுது நீக்கிய பொருளுக்கு ஒரு மாதம் உத்தரவாதம்' என்ற வரியை அவன் படித்தபோது அண்ணி பேனாவை வைத்துவிட்டுக் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். டாக்டரம்மாவுக்கோ, ரசீதில் இன்னும் நாலு வரி அச்சடித்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பதினொன்று. லேப்டாப் ஓடியது. பன்னிரண்டு. அறுபத்தெட்டு டிகிரியில் அசையாமல் நின்றது.

"சரியாயிடுச்சு. நல்லா பார்த்துக்குங்க" என்று கையில் கொடுத்தாள்.

அவன் வாசல்வரை போய்த் திரும்பினான். "போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன். இந்தக் கடையிலேருந்து போன மிஷின் இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. நாலு வருஷமா நான் யாரையும் 'வாங்க'ன்னு சொல்லி அனுப்பினதே கிடையாது."

"அது என் விஷயத்துலயும் அப்படியே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினான். அப்படி நடக்க வேண்டாமே என்று மனசு ஒரு மூலையிலிருந்து முணுமுணுத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரியாக ஒரு வாரம். அண்ணி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "டாக்டரம்மா... பதினொரு நிமிஷம் வர்றாரு!"

அண்ணி வைத்த பெயர்தான் அது. அவனேதான். அதே லேப்டாப். அதே பதினொரு நிமிஷம்.

அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. நான்கு வருஷத்தில் முதல் தடவை! உடனே கழற்றினாள். காற்று போகும் துவாரங்களில் பச்சை நிறத்தில் நூல் பிசிறு... கம்பளியின் பிசிறு.

"இதை மெத்தை மேல, போர்வை மேல வெச்சீங்களா?"

"இல்லையே... மேஜை மேலதான்."

சொல்லும்போது அவன் பார்வை ஒரு கணம் தரைக்குப் போய்த் திரும்பியது. அவள் கவனித்தாள். கவனித்தும் கேட்கவில்லை. சுத்தம் செய்துவிட்டு, மறுபடி இருவரும் பதினொரு நிமிஷம் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவன் தண்ணீரைப் பற்றிப் பேசினான். நாலு குவளைத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால், எது எந்தத் தெருத் தண்ணீர் என்று சொல்லிவிடுவானாம். அவள் தன் முதல் ஆபரேஷனைச் சொன்னாள். ஒன்பது வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்து, மாட்டத் தெரியாமல், மூன்று நாள் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த கதை. பன்னிரண்டாவது நிமிஷம் வந்தபோது இருவருக்குமே பேச்சு பாதியில் நின்றது. வேலை முடிந்துவிட்டது, பிறகு எதற்கு உட்கார்ந்திருப்பது?

"ஏம்மா, சரியான மிஷினுக்கு ஒரு நிமிஷம் பார்த்தா போதாது?" என்று அவன் போனதும் அண்ணி கேட்டாள்.

"அண்ணி, உங்க வேலையைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். என் வேலையே அதுதானே!"

மூன்றாவது தடவை அவன் வந்த அன்று கடையில் கூட்டம். பிரின்டரோடு ஒரு டீச்சர், கூரியர்காரர், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர். அவன் தயங்கித் தயங்கி லேப்டாப்பை நீட்டியபோதே கூரியர்காரர் சொன்னார்: "என்ன டாக்டரம்மா, உங்க கை பட்டும் மூணாவது தடவையா?"

சுருக்கென்றது. விறுவிறுவென்று மூடியைக் கழற்றினாள். அதே பச்சைப் பிசிறு, இந்தத் தடவை இன்னும் அடர்த்தியாக. இடுக்கியால் பிடித்து எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள்.

"எங்க வெச்சு ஓட்டுறீங்க இதை?"

"மேஜை... மேலதாங்க..."

"அப்ப இது உங்க மேஜையில முளைச்சதா? டாக்டர்கிட்டயே பொய் சொன்னா எப்படிங்க வைத்தியம் பார்க்கிறது? இல்ல... இங்க வர்றதுக்காகவே வேணும்னு பண்றீங்களா?"

கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் காது மடல்வரை சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுற்றிலும் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க. இனிமே வர மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் மூடியை மாட்டும்வரை தலைகுனிந்து நின்று, லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டான். போன வேகத்தில் சார்ஜரை மேஜையிலேயே விட்டுவிட்டான்.

அந்தச் சார்ஜர் ஆணியில் தொங்கியது. ஒரு நாள்... இரண்டு நாள்... மூன்று நாள்.

"நம்பர்தான் ரசீதுல இருக்கே. கூப்பிட்டுச் சொல்லேன்" என்றாள் அண்ணி.

"வேணும்னா அவரே வந்து வாங்கிக்கட்டும். பொய் சொன்னது அவர்தானே?"

வீம்பாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த நம்பர் அவளுக்கு ரசீதைப் பார்க்காமலே மனப்பாடம். வெளியே மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது. ஒவ்வொரு தடவை வாசலில் ஈரக் காலடிச் சத்தம் கேட்கும்போதும் திருகாணி கைநழுவி விழுந்தது.

பிசிறு விஷயத்தில் தான் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். பிறகு ஏன் இப்படி முள்ளாகக் குத்துகிறது? மூன்றாம் நாள், யாருமில்லாத மதிய நேரத்தில், தன்னிடமே ஒப்புக்கொண்டாள். 'இங்க வர்றதுக்காகவே வேணும்னு பண்றீங்களா' என்று கேட்டாளே, அது கோபம் இல்லை. ஆசை. ஆமாம் என்று அவன் சொல்ல வேண்டும் என்ற ஆசை. அதைப் போய் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, திட்டுகிற குரலில் கேட்டுவிட்டாள்... இப்போது அந்த மனுஷன் இந்தத் தெருப்பக்கமே வரப்போவதில்லை.

நான்காம் நாள் காலை, வாசல் படியில் 'டக்... டக்...' என்று ஒரு கோல் தட்டும் சத்தம். வெள்ளைக் கோலோடு ஒரு பெண். இருபது வயதிருக்கும். பார்வையில்லாத கண்களில் அத்தனை குறும்பு.

"இங்க ஒரு சார்ஜர் விட்டுப் போச்சாமே... எங்க அண்ணனோடது."

"உட்காருங்க, எடுத்துத் தர்றேன்" என்றாள் அவள்.

"ஆஹா! நீங்கதானே டாக்டரம்மா? எங்க அண்ணன் சொன்ன மாதிரியேதான் இருக்கு குரல். முதல் வார்த்தை அதட்டுற மாதிரி, ரெண்டாவது வார்த்தை தலையைத் தடவுற மாதிரி."

அண்ணி 'களுக்' என்று சிரித்தாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அண்ணன் ஏன் வரலை?"

"வருவாரா? உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதிலேருந்து பேயறைஞ்ச மாதிரி இருக்காரு. எனக்குப் பத்து நாள்ல பரீட்சை, அக்கா. புவியியல். அண்ணன்தான் பாடத்தையெல்லாம் படிச்சு ரெக்கார்டு பண்ணித் தருவாரு. இன்னும் ஒன்பது பாடம் பாக்கி. சார்ஜர் இல்லாம மிஷின் செத்துக் கிடக்கு. போய் வாங்கிட்டு வாண்ணான்னா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுன்னு கேக்கிறாரு."

"உண்மையைச் சொல்லியிருந்தா நான் ஏம்மா திட்டப்போறேன்? மேஜை மேல வெச்சேன்னு பொய்தானே சொன்னாரு..."

அந்தப் பெண் கோலை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எங்க வீட்டுக்குக் கீழ இரும்புக் கேட்டு செய்யற பட்டறை. காலையிலேருந்து சாயங்காலம்வரைக்கும் 'கிர்ர்ர்'னு அறுத்துக்கிட்டே இருப்பாங்க. அதனால அண்ணன் துணி அலமாரிக்குள்ள போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கிட்டு, தலையோட கம்பளியைப் போர்த்திக்கிட்டுத்தான் படிப்பாரு. மைக்கும் லேப்டாப்பும் கம்பளிக்குள்ளயே. லேப்டாப் ஃபேன் சத்தம் மைக்ல கேக்குதுன்னு, கம்பளி நுனியைக் கொண்டுபோய் அந்த ஓட்டையிலயும் அடைச்சுடுவாரு. ஏன் ரெண்டு மூணு நாளைக்கு நல்லா இருக்கு, அப்புறம் நின்னுடுதுன்னு அவருக்கும் புரியலை."

"பச்சைக் கம்பளியா?"

"பச்சைன்னுதான் சொல்வாங்க."

அவள் முதலில் சிரித்தாள். அலமாரிக்குள் துணிமணிகளுக்கு நடுவே, கம்பளிக்குள், வேர்த்து விறுவிறுத்து, அந்தக் குரலில் புவியியல் பாடம் படிக்கிற அவனை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்போது கண் கலங்கியது என்று தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் அந்த மனுஷன் எப்படிச் சொல்லியிருப்பான், 'நான் அலமாரிக்குள் உட்காருகிறேன்' என்று?

"அண்ணி, கடையைப் பார்த்துக்குங்க. நான் ஒரு பேஷண்ட்டை வீட்டுல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"மிஷினையா, மனுஷனையா?" என்றாள் அண்ணி. பதிலுக்குக் காத்திராமல் குடையை எடுத்து நீட்டினாள்.

இரும்புப் பட்டறையைத் தாண்டி மாடிப்படி ஏறும்போதே பல் கூசியது. அறுவை இயந்திரம் அப்படிக் கதறியது. கதவைத் திறந்தவன், தங்கைக்குப் பின்னால் கருவிப்பெட்டியோடு நிற்கிற அவளைப் பார்த்தான்.

"அலமாரி எங்கே?" என்றாள் அவள்.

"குட்டி...! சொல்லிட்டியா?"

"சார்ஜர் கொடுத்தாங்க, வாய் திறந்துடுச்சு" என்று தங்கை தோளைக் குலுக்கினாள்.

சுவரோடு கட்டிய அலமாரி. கீழ்த்தட்டில் ஒரு தலையணை, ஒரு டார்ச், புத்தகம், மைக்... அந்தப் புகழ்பெற்ற பச்சைக் கம்பளி. அவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தப்பு என்னோடது" என்றாள். அவ்வளவு சுலபமாக வாயில் வராத வார்த்தை அது அவளுக்கு. "எங்க வெச்சீங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன். அதுல என்ன செய்யறீங்கன்னு ஒரு தடவைகூடக் கேட்கலை. நாலு பேர் முன்னாடி பேசினதும் தப்பு. மன்னிச்சுக்குங்க."

"ஐயோ, நீங்க போய்... பொய் சொன்னது நான்தானே..."

"அதுவும் தப்புதான்" என்றாள் பழைய அதட்டலோடு. அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வேலை ரொம்பச் சின்னது. துவாரத்தைச் சுத்தம் செய்தாள். லேப்டாப்பை வெளியே எடுத்து நிஜமாகவே மேஜைமேல் வைத்து, சார்ஜரை மாட்டினாள். கருவிப்பெட்டியிலிருந்து மூன்று மீட்டர் நீள ஒயரை எடுத்து, ஒரு முனையை லேப்டாப்பில் செருகி, மறுமுனையைக் கதவிடுக்கு வழியாக உள்ளே விட்டு மைக்கில் மாட்டினாள்.

"நீங்களும் கம்பளியும் உள்ள. மிஷின் வெளிய, நல்லா காத்து வாங்கிக்கிட்டு. அவ்வளவுதான் வைத்தியம். உள்ள போய் எதையாவது படிங்க, நான் சூட்டைப் பார்க்கிறேன். இது சும்மா டெஸ்ட்டுக்குத்தான்."

கதவு மூடியது. உள்ளேயிருந்து ஒரு முணுமுணுப்புகூட வெளியே கேட்கவில்லை. பதிவு சரியாக விழுகிறதா என்று பார்க்க அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த கணம் அவன் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

"வெயிலின் வெப்பத்தால் நீர் ஆவியாகி மேலே எழுகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து, சிறு துளிகளாகி, மேகமாகிறது..."

ஜன்னலுக்கு வெளியே மழை. காதுக்குள்ளும் மழை. மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம்... அறுபத்தாறு டிகிரி. ஒன்பதாவது நிமிஷத்தில் பாடம் முடிந்தது. புத்தகம் மூடும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு.

"ஒன்பதரை நிமிஷம் ஆச்சு. இன்னும் ஒன்றரை நிமிஷம்" என்றது குரல். இப்போது அது பாடம் படிக்கிற குரல் இல்லை. "எப்பவும்போலப் பதினோராவது நிமிஷத்துல இது அணைஞ்சிடும். பேசினது எதுவும் மிஞ்சாது. அந்தத் தைரியத்துலதான் முதல் தடவை பார்த்ததிலேருந்து, இது அணையற நாள்லயெல்லாம் இந்த நேரத்துல உங்ககிட்டப் பேசிக்கிட்டிருக்கேன் டாக்டரம்மா..."

அவள் கை ஹெட்ஃபோனை இறுகப் பிடித்துக்கொண்டது.

"வேணும்னே பண்றீங்களான்னு கேட்டீங்க. சத்தியமா இல்லைங்க. ஆனா மூணாவது தடவை அணைஞ்சப்ப எனக்கு வருத்தமே வரலை. சந்தோஷமா இருந்துச்சு. கட்டிலுக்கடியில ரேடியோவை ஒளிச்சு வெச்ச அந்த ஒன்பது வயசுப் பொண்ணை இன்னொரு தடவை பார்க்கலாமேன்னு... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இப்ப வெளியதான் உட்கார்ந்திருக்கீங்க. மூணு மீட்டர் தூரம். அப்பவும் இல்லை. சரி, பத்தே முக்கால். அணையப் போகுது... பதினொண்ணு."

கம்பளி சரசரக்கும் சத்தம்.

"என்ன இது... மைக்ல சிவப்பு லைட்டு எரியுதே."

மைக்கை விரலால் தட்டும் சத்தம்.

"ஐயோ. பன்னெண்டு... ஐயோ, அணையலையே!"

மேஜைமேல் லேப்டாப் அறுபத்தெட்டு டிகிரியில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அலமாரிக்குள் ஏதோ தடாலென்று இடித்தது. அவன் தலையாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். கம்பளியை முக்காடாகப் போட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில், முகமெல்லாம் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தான் அவன். அவள் கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனைப் பார்த்ததும் கம்பளியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"என் வேலை மேல உங்களுக்கு இவ்வளவுதான் நம்பிக்கையா?" என்றாள். அதட்டுவதற்குத்தான் நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது. "நான் சரி பண்ணியும் அணைஞ்சிடும்னு நினைச்சீங்களா?"

"எ... எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?"

"கேட்டேன்."

"அழிச்சிடறேங்க..."

"அழிச்சுப் பாருங்க தெரியும்!" என்றவள், அலமாரிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். இப்போது இருவர் கண்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. "நல்லா இருக்கிற மிஷினை ஒரு நிமிஷம் பார்த்தாலே போதும். எனக்குத் தெரியாதா? பதினொரு நிமிஷம் உங்களை உட்காரவெச்சது நான்தான். ரெண்டு தடவையும்... அது எனக்குப் பத்தலை. எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. போதுமா? முகத்தைப் பார்த்துத்தான் சொல்றேன்."

கம்பளி மெல்ல நழுவி விழுந்தது. அவன் இமைகளில் துளிகள்... மழையாக இருக்க வழியில்லை.

சமையலறைப் பக்கமிருந்து தங்கையின் குரல் வந்தது: "அண்ணா, இதுவும் பாடத்தோட சேர்ந்து பதிவாயிட்டிருக்கு. பரீட்சைக்கு வருமா?"

ஒயரைச் சுற்றி ஒழுங்குபடுத்தி, கருவிப்பெட்டியை மூடி, அவள் வாசலுக்கு வந்தபோது மழை தூறலாகியிருந்தது. அவன் படிவரை கூடவே வந்தான். என்ன சொல்வது என்று தெரியாமல் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான்.

"இனிமே மிஷின் அணையாதுங்களா?"

"அணையாது. அதைத் தூக்கிக்கிட்டு நீங்க என் கடைக்கு வரவே கூடாது."

அவன் முகம் வாடியதை ஒரு நொடி ரசித்தாள்.

"சும்மா கை வீசிக்கிட்டு வாங்க" என்றாள்.

நான்கு படி இறங்கியவள் நின்றாள். வேலை முடிந்த எந்த வீட்டு வாசலிலும், எந்தக் கடைப் படியிலும், நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாத வார்த்தை... திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"போயிட்டு வர்றேன்."